இரங்கல் கடிதத்துக்கு ஒரு டெம்ப்ளேட்

எங்கள் பள்ளியிலிருந்து போகும் இரங்கல் கடிதத்தை எழுதியவள் நான். கையெழுத்து தலைமையாசிரியையான சிஸ்டருடையது. வார்த்தைகள் என்னுடையவை.

கொடைக்கானலில் கன்னியர் சபை ஒன்று நடத்தும் பெண்கள் பள்ளி அது. மேல்மலைக் கிராமங்களிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம். அலுவலகத்தில் இரண்டே பேர். கணக்கு பார்க்கும் சார் ஒருவர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறவர். இன்னொருத்தி நான். கடிதம், சான்றிதழ், சுற்றறிக்கை எல்லாம் என் மேசையில்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு கடிதம் அடிக்க வேண்டுமென்றால் பழைய கடிதத்தைத் திறப்போம். பெயரை மாற்றுவோம், தேதியை மாற்றுவோம், அச்செடுப்போம். எங்கேயாவது ஒன்றை மாற்ற மறந்துவிடுவோம். ஒரு தடவை ஏழாம் வகுப்புப் பிள்ளையின் படிப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இன்னொரு பிள்ளையின் அப்பா பெயராக இருந்துவிட்டது. அந்த அம்மா ஜன்னலில் நின்றுகொண்டு, "என் புருஷன மாத்திட்டீங்களே" என்று சிரித்தபடிதான் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது.

பிறகு எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர்தான் டெம்ப்ளேட் செய்யச் சொல்லிக் கொடுத்தார். ஒரு கடிதத்தை அடித்துவிட்டு, அதைச் சேமிக்கும்போது சாதாரணக் கோப்பாக இல்லாமல் டெம்ப்ளேட் என்ற வகையைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதை இரண்டு முறை சொடுக்கினால் அது திறப்பதில்லை. அதைப் போலவே ஒரு புதுக் கடிதம் பெயரில்லாமல் வந்து நிற்கும். எழுத்துரு, ஓரத்தில் விட வேண்டிய இடம், தலைப்பில் பள்ளியின் முத்திரை எல்லாம் இருந்தபடியே வரும். புதுக் கடிதத்தில் என்ன கிறுக்கினாலும் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. மாற்ற வேண்டிய இடங்களில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் வைக்கலாம். "மாணவி பெயர்", "வகுப்பு" என்று அதற்குள் எழுதி வைத்தால் ஒரு விசையை அழுத்த அழுத்த ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும். நாம் அடிக்க அடிக்கச் சாம்பல் போய் கறுப்பு வரும். சாம்பல் எல்லாம் தீர்ந்தால் கடிதம் முடிந்தது என்று அர்த்தம்.

எனக்கு அது பிடித்துப்போனது. ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து ஒன்றொன்றாகச் செய்தேன். படிப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழுக்கான முகப்புக் கடிதம், விடுதி விடுமுறைக் கடிதம், பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு. தேதியைக்கூட நான் அடிக்க வேண்டியதில்லாதபடி, கம்ப்யூட்டரே அன்றைய தேதியைப் போட்டுக்கொள்ளும்படி வைத்தேன். அது சரியான யோசனை இல்லை என்பது பின்னால் தெரிந்தது. பழைய கோப்பை எப்போது திறந்தாலும் அன்றைய தேதியையே காட்டும். எந்தக் கடிதம் என்றைக்குப் போனது என்று பார்க்க, அச்செடுத்துக் கோப்பில் வைத்த தாளைத்தான் தேட வேண்டியிருந்தது.

ஒரு வாரத்தில் இரண்டு பிள்ளைகளின் அப்பாக்கள் இறந்துபோனார்கள். சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "கண்டோலன்ஸுக்கும் ஒண்ணு பண்ணி வச்சிருங்க" என்றார். ஒரு மத்தியான வேளையில் அதையும் செய்தேன்.

"அன்புடையீர், தங்கள்" என்று ஆரம்பித்து ஒரு கட்டம், அது உறவுக்கு. அடுத்த கட்டம் இறந்தவரின் பெயருக்கு. "அவர்கள் இறைவனடி சேர்ந்த செய்தி அறிந்து பள்ளிக் குடும்பத்தினர் அனைவரும் ஆழ்ந்த துயரம் அடைந்தோம். இந்த இழப்பை ஈடுசெய்யும் வார்த்தைகள் எங்களிடம் இல்லை. காலம் தங்கள் காயத்தை ஆற்றும் என நம்புகிறோம்." கடைசிப் பத்தியில் மறுபடி இறந்தவர் பெயருக்கு ஒரு கட்டம். "அவர்களின் ஆன்மா அமைதியில் இளைப்பாற எங்கள் சிற்றாலயத்தில் செபிக்கிறோம்." மேலே முகவரிக்கு ஒரு கட்டம். மொத்தம் நான்கு. சிஸ்டர் படித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த பதினோரு வருடங்களில் எத்தனையோ வீடுகளுக்கு அது போயிருக்கிறது. கிறிஸ்தவர் வீடு, இந்து வீடு, எல்லாவற்றுக்கும் ஒரே கடிதம்தான். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டினார். சொந்த ஜீப். ஏரிப் பக்கத்து ஸ்டாண்டில் நிற்கும். அன்றைக்கு வெள்ளனே கிளம்பிப் போய் ஒரு குடும்பத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, பதினோரு மணி வாக்கில் ஸ்டாண்டுக்குத் திரும்பியிருக்கிறார். நெஞ்சைப் பிடிக்கிறது, வாய்வு போலிருக்கிறது என்று சோடா கேட்டிருக்கிறார். வாங்கி வந்தவர் பார்க்கும்போது முன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். தூங்குகிறார் என்று நினைத்து சோடாவை டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

என் போன் பைக்குள் இருந்தது. அதனால் அலுவலக எண்ணுக்கு அழைத்தார்கள். கணக்கர் சார்தான் எடுத்தார். "ம்... ம்..." என்றார். ரிசீவரை வைத்துவிட்டு எழுந்து என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் ஒரு மாற்றுச் சான்றிதழுக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார்.

"இதோ சார்" என்று சொல்லிவிட்டு, கடைசிக் கட்டத்தையும் நிரப்பி, சேமித்துவிட்டுத்தான் எழுந்தேன். அவர் குரலில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. தெரிந்தும் சேமித்தேன். இதைப் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்து வந்த நாட்களில் எனக்கு நினைவிருப்பவை எல்லாம் பொருட்கள்தான். ஸ்டாண்டுக்காரர்கள் வாடகைக்கு எடுத்து வந்து போட்ட நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள். யாரோ கொண்டுவந்த ஃபிளாஸ்க், அதன் மூடி சரியாகப் பொருந்தவில்லை. மதுரையில் வேலை பார்க்கும் என் மகள் வந்து பத்து நாள் இருந்தாள். நிறைய அழுதாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே, வெளியே காயப்போட்ட துணி பனியில் நனைகிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. கணக்கர் சார் தானே கொண்டுவந்து கொடுத்தார். அவர் போன பிறகு பிரித்தேன். எனக்குத்தான் எழுதியிருந்தது. தங்கள் கணவர் என்றிருந்தது, பக்கத்தில் அவர் பெயர். இழப்பை ஈடுசெய்யும் வார்த்தைகள் எங்களிடம் இல்லை என்றிருந்தது. அடுத்த வரி என்னவென்று எனக்குத் தெரியும். இருந்தாலும் படித்தேன். "கணவர்" என்ற சொல்லுக்குப் பிறகு இரண்டு இடைவெளி விழுந்திருப்பதைக் கவனித்தேன். கட்டத்துக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு இடைவெளி இருக்கிறது, அடிப்பவர் இன்னொன்று தட்டக் கூடாது. மகளிடம் நீட்டினேன். அவள் வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா எழுதியிருக்காங்கம்மா" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

பதிமூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். சிஸ்டர் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமே என்றார். வீட்டில் எனக்கு ஒரு சோலியும் இல்லை. மகளும் மதுரைக்குப் போய்விட்டாள். அலுவலகத்தில் செய்வதற்கு ஏதாவது இருந்தது. என் டெம்ப்ளேட்டுகள் எனக்கு அப்போது ரொம்ப உதவின. அவற்றில் வேலை செய்ய ஆள் முழுசாக அங்கே இருக்க வேண்டியதில்லை. இரண்டு தட்டு, புதுத்தாள் வரும். சாம்பல் இருக்கும் இடத்தில் அடிக்க வேண்டும். சாம்பல் தீர்ந்ததும் அச்செடுக்க வேண்டும். டீ ஆறிப்போய் ஆடை படிந்து கிடக்கும், ஒரே மடக்கில் குடித்துவிடுவேன். யாராவது வந்து அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அவர்கள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்டது.

இரண்டு மாதம் போயிருக்கும். மன்னவனூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா இறந்துபோனார். மஞ்சள் காமாலை என்றார்கள். மாமா ஒருவர் ஜீப்பில் வந்து பிள்ளையைக் கூட்டிப்போனார். வார்டன் ஒரு துண்டுச் சீட்டில் அம்மாவின் பெயரும் அப்பாவின் முகவரியும் எழுதி என் மேசையில் வைத்தார்.

இரங்கல் டெம்ப்ளேட்டை நான் அதுவரை திரும்பத் திறக்கவில்லை. திறந்தேன். வேறு எந்தக் கடிதத்தையும் திறப்பது போலத்தான் இருந்தது. எனக்கே அது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. முகவரிக் கட்டம். மனைவி. பெயர். சாம்பல் தீர்ந்தது. அச்செடுத்தேன். சிஸ்டர் நான்கைந்து தாள்களோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டார். அன்றைய தபாலில் போய்விட்டது.

மூன்று வாரம் ஆகியும் பிள்ளை திரும்பவில்லை. என்னவென்று கேட்டுச் சொல்லும்படி வகுப்பு டீச்சர் சொன்னதால் நான் அந்த அப்பாவுக்குப் போன் செய்தேன். மேலே சிக்னல் கிடைப்பது கஷ்டம். நான்காவது தடவைதான் எடுத்தார். பள்ளி ஆபீஸ் என்றதும், "சொல்லுங்க டீச்சர்" என்றார். நான் டீச்சர் இல்லை என்று சொல்வதற்குள் அவரே பேசினார்.

"லெட்டர் வந்துச்சுங்க. ரொம்ப நன்றி. பதினாறுக்கு எல்லாரும் கூடியிருந்தப்ப பாப்பாவையே வாசிக்கச் சொன்னோம். ஆனா கடைசியில ஒரு பேரு இருக்குங்க. அது யாருன்னு எங்களுக்குத் தெரியல."

"எந்தப் பேருங்க?"

"இருங்க, அவகிட்டயே குடுக்கேன்."

போன் கை மாறும் சத்தம். தாள் பிரிக்கிற சத்தம். பிறகு அந்தப் பிள்ளையின் குரல், வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பது போலத் தெளிவாக வந்தது. இன்னார் அவர்களின் ஆன்மா அமைதியில் இளைப்பாற எங்கள் சிற்றாலயத்தில் செபிக்கிறோம். அந்த இன்னார் என் வீட்டுக்காரர். இனிஷியலோடு அவர் முழுப் பெயரையும் வாசித்தாள்.

அவர் போன பிறகு அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லி நான் கேட்டிருக்கவில்லை. எல்லோரும் "அவர்" என்றார்கள், "அண்ணன்" என்றார்கள். மகள் "அப்பா" என்றாள்.

"தப்பு நடந்துருச்சும்மா. நான் பாத்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். பிள்ளை எப்போது வருவாள் என்று கேட்க மறந்துபோனேன்.

டெம்ப்ளேட்டைச் சொடுக்கினேன். மேலே மூன்று சாம்பல் கட்டங்கள் இருந்தன. கடைசிப் பத்தியில் இருக்க வேண்டிய நான்காவது இல்லை. அந்த இடத்தில் அவர் பெயர், மற்ற எழுத்துக்களைப் போலவே கறுப்பில், கடிதத்தின் வாசகம் போலவே உட்கார்ந்திருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் அதே திரையில் அதே வரியை நான் பார்த்துத்தான் அச்செடுத்திருக்கிறேன். எனக்கு வந்த கடிதத்தின் கோப்பையும் திறந்து பார்த்தேன். தேதி இன்றைய தேதியாக இருந்தது. தங்கள் கணவர் இறைவனடி சேர்ந்த செய்தி அறிந்து ஆழ்ந்த துயரம் அடைந்தோம், இன்றைக்கு. மூடிவிட்டேன்.

டெம்ப்ளேட் எப்படிக் கெட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு முறை சொடுக்கித் திறந்தால் கெடாது. வலதுபக்கப் பொத்தானை அமுக்கி 'ஓப்பன்' கொடுத்தால் மூலமே திறந்துகொள்ளும். அதில் அடித்துச் சேமித்தால், அடித்தது எல்லாம் மூலத்திலேயே தங்கிவிடும். நான் இல்லாத அந்த நாட்களில் அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கக்கூடியவர் ஒருவர்தான்.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எப்படி ஆச்சு? யாரு பண்ணது?"

"நாந்தான் சிஸ்டர். கவனிக்கல."

பொய் இல்லை அது. சிஸ்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "புது லெட்டர் அடிங்க. போஸ்ட்ல வேண்டாம், நேர்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு சாரி சொல்லிட்டு வரணும். வேற யாரையாச்சும் அனுப்பட்டா? உங்களால முடியுமா?"

முடியும் என்றேன். அந்த நாட்களில் என்னிடம் எதைச் சொல்லியிருந்தாலும் முடியும் என்றுதான் சொல்லியிருப்பேன். முடிவதற்கும் முடியாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் போனேன். மடங்காமல் இருக்கக் கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வைத்து மடியில் பிடித்திருந்தேன். பூம்பாறை தாண்டும்வரை பனி, வெளியே ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மாத்திரைப் பையோடு ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். என் தோளில் சாய்ந்து தூங்கினார். இறங்கும்போது, "ரொம்ப வலிச்சுச்சாம்மா?" என்று கேட்டார். எனக்கு வலிக்கவே இல்லை.

மன்னவனூரில் பனி இல்லை. வெயில் பளிச்சென்று இருந்தது. பஸ் நின்ற இடத்தில் விசாரித்ததும், கேரட் கழுவுகிற இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அந்தத் தகப்பனார் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஓடைத் தண்ணீரில் நின்று கேரட்டைக் கழுவி மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார். என்னைவிட வயது குறைந்தவர். பள்ளி ஆபீஸ் என்று சொன்னதும் கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

"லெட்டருக்காகவா இம்புட்டு தூரம் வந்தீங்க? போன்ல சொல்லியிருந்தா போதுமே."

வீடு பக்கத்திலேயே இருந்தது. பிள்ளை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ்" என்று சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் புதுக் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் வாங்கி, மகளிடம் நீட்டினார். அவள் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு, "அம்மா பேரு வந்துருச்சுப்பா" என்றாள்.

"மன்னிச்சுக்கிடுங்க. அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னால வாசிக்கிறப்ப உங்களுக்கு எப்படி இருந்துருக்கும்" என்றேன்.

"அப்படியெல்லாம் இல்லைங்க. இவ வாசிச்சா, எல்லாரும் கும்பிட்டாங்க. யாரோ ஒருத்தரு, அவருக்கும் சேத்துக் கும்பிட்டதா இருக்கட்டும்னு எங்க சித்தப்பா சொன்னாரு. விட்டுட்டோம்." மகள் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். "யாருங்க அது? உங்க ஸ்கூல்ல வேல பாத்தவரா?"

அங்கே உட்கார்ந்துகொண்டு வேறு எதையும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

"என் வீட்டுக்காரருங்க. மூணு மாசம் ஆகுது."

பிள்ளை அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். ஓடையில் கேரட் கழுவுகிறவர்கள் பேசிக்கொள்வது கேட்டது.

"அப்ப நீங்களேவா உக்காந்து அடிச்சீங்க அத?" என்று கடைசியில் கேட்டார்.

"ஆமாங்க."

"சோறு இருக்கு. சாப்ட்டுத்தான் போகணும். நானே பொங்குனது, குழைஞ்சுதான் கெடக்கு."

குழைந்துதான் இருந்தது. உருளைக்கிழங்குக் குழம்பில் உப்பு கூட. மூவரும் சாப்பிட்டோம். நான் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன். சாப்பிடும்போதுதான் பிள்ளை எப்போது பள்ளிக்கு வருவாள் என்று கேட்டேன். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதத்தாங்க கேக்கணும்னு இருந்தோம். இத்தன நாள் போகாததுக்குப் பேர எடுத்துருப்பாங்கன்னு இவளுக்குப் பயம். பரிட்சையும் ரெண்டு போயிருச்சு. லெட்டர் வந்ததும் அதுல ஏதாச்சும் போட்டுருக்கும்னு நாலஞ்சு தடவ படிச்சுப் பாத்தா. ஒண்ணும் இல்ல. சரி, வர வேணாம்னு இருக்காங்க போலன்னு நெனச்சுக்கிட்டோம்."

"பேரெல்லாம் எடுக்க மாட்டோங்க" என்றேன். "பரிட்சை தனியா வச்சுக்கலாம். திங்கக்கிழமை வரட்டும்."

பிள்ளை தட்டிலிருந்து கையை எடுத்து, "நெசமாவா மிஸ்?" என்றாள். பிறகு குனிந்து வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். தகப்பனார் எழுந்து கை கழுவப் போனவர், வெளியில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

கிளம்பும்போது பழைய கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். தப்பான கடிதம் வெளியில் இருக்கக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். பிள்ளை அதைப் பைபிள் போல ஏதோ ஒரு தடித்த நோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். நான்காக மடித்துப் பிரித்துப் பிரித்து, மடிப்பு வெளுத்திருந்தது.

பஸ்ஸில் அதை யோசித்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் பதினோரு வருடமாக எத்தனை வீட்டில் எத்தனை பேர் அந்தக் கடிதத்தை நாலைந்து தடவை படித்து, அதில் இல்லாத ஒன்றைத் தேடியிருப்பார்கள் என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தது. எனக்கு வந்தபோது நான் ஒன்றும் தேடவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும் என்பதால்.

மறுநாள் டெம்ப்ளேட்டைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். வேண்டுமென்றே வலதுபக்கப் பொத்தானை அமுக்கி மூலத்தைத் திறந்தேன். அவர் பெயரின் முன்னால் கர்சரை வைத்தேன். எழுத்தெழுத்தாக அழிப்பதா, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிப்பதா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மொத்தமாகவே அழித்தேன். ஒரு தட்டு. கட்டத்தை வைத்தேன்.

கணக்கர் சார் தன் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து வந்தார்.

"அது அப்படியா திறக்கணும்?"

"இல்ல சார். இது மூலத்த மாத்துறதுக்கு. லெட்டர் அடிக்கணும்னா ரெண்டு கிளிக்."

அவர் திரையையே பார்த்தார். கடைசிப் பத்தியையும் பார்த்தார். "அன்னைக்கு நான் இப்படித்தாம்மா திறந்தேன். சேவ் பண்ணப்புறம் பாக்கேன், கட்டம் எல்லாம் காணாமப் போச்சு. பதறிப்போய் உன் லெட்டர வேற பேர்ல ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு, இதுல வேற லெட்டர்லருந்து கட்டத்த எடுத்து மேல மூணு எடத்துல ஒட்டி வச்சேன். கீழ ஒண்ணு இருந்தது எனக்கு ஞாபகமே இல்ல." குரல் இறங்கிப்போயிற்று. "மன்னவனூருக்கு இதுக்கா போன?"

நான் தலையாட்டினேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. சிஸ்டர்கிட்ட நான் சொல்லியிருப்பேனே."

"எதுக்கு சார் நீங்க அடிச்சீங்க? நான் வந்தே அடிச்சிருப்பேனே."

"அதனாலதாம்மா" என்றார். "நீ வந்தா அத உன்னையவே அடிக்க விட்டுருவாங்க. நீயும் அடிச்சிருப்ப. அதுக்குள்ள வெரசா முடிச்சிரணும்னுதான் ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்தேன். ஒத்த வெரல்ல அடிச்சேன்."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியை அவருக்குத் தள்ளிப் போட்டு, இரண்டு முறை சொடுக்கித் திறப்பது எப்படி என்று காட்டினேன். அவர் உட்கார்ந்து மூன்று தடவை செய்து பார்த்தார். மூலத்தை யாரும் தெரியாமல் மாற்றிவிடாதபடி பூட்டி வைப்பதையும் காட்டினேன். சிஸ்டரிடம் அவர் போய்ச் சொன்னாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சிஸ்டர் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

பிறகு வாசகத்தையும் மாற்றினேன். காலம் காயத்தை ஆற்றும் என்ற வரியை எடுத்தேன். ஈடுசெய்யும் வார்த்தைகள் இல்லை என்பதையும் எடுத்தேன். அந்த இடத்தில் எழுதியது இது: பிள்ளை எப்போது திரும்பி வர முடியுமோ அப்போது வரட்டும். வராத நாட்களுக்காகப் பெயர் நீக்கப்படாது. விட்டுப்போன தேர்வுகளைத் தனியாக எழுதலாம். எது கேட்க வேண்டுமானாலும் பள்ளி நேரத்தில் இந்த எண்ணுக்கு அழையுங்கள். கீழே அலுவலக எண்.

சிஸ்டர் பேனாவை வைத்துக்கொண்டு படித்தார். "சர்க்குலர் மாதிரி இருக்கே" என்றார். பிறகு ஈடுசெய்யும் வார்த்தைகள் இல்லை என்பதை மட்டும் திரும்பச் சேர்க்கச் சொன்னார். அது இல்லாவிட்டால் மரியாதையாக இருக்காது என்றார். சேர்த்தேன். மற்றவற்றில் சிஸ்டர் கை வைக்கவில்லை.

மன்னவனூர்ப் பிள்ளை திங்கட்கிழமை வந்துவிட்டாள். காலை பஸ்ஸில் அப்பாவே கூட்டிவந்தார், ஒரு பை கேரட்டோடு.

புதுக் கடிதம் முதலில் அடிவாரத்துப் பாலசமுத்திரத்துக்குப் போனது. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா, தோட்டத்தில் மோட்டார் ஷாக் அடித்து இறந்துபோயிருந்தார். ஒரு வாரம் கழித்து மத்தியானம் அலுவலகப் போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"லெட்டர்ல நம்பர் போட்டிருந்துச்சுங்க. கூப்பிடலாம்ல?"

"கூப்பிடலாங்க. சொல்லுங்க."

பிள்ளையை அடுத்த வாரம் அனுப்பலாமா என்று கேட்டார். அனுப்பலாம் என்றேன். ஸ்வெட்டர் புதுசு வாங்க வேண்டுமா என்று கேட்டார். பழையதே போதும் என்றேன். அதற்கப்புறம் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ஆனால் அவர் போனை வைக்கவில்லை. பின்னால் கோழி கத்துவது கேட்டது. நானும் வைக்கவில்லை.

"உங்களுக்கு வேல கெடக்கும்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"இல்லைங்க. இருக்கேன்" என்றேன்.

கணக்கர் சார் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினார். வெளியே வரிசையில் நின்றவர்களிடம் பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்வது கேட்டது. அந்தப் பெண் மெதுவாகப் பேச ஆரம்பித்தார், அன்றைக்குக் காலையில் வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனார் என்பதிலிருந்து. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.